டிஸ்னிலாண்டுக்குக் கீழே ஒரு கடல் இருந்தது

டோக்கியோ டிஸ்னிலாண்ட் டோக்கியோவில் இல்லை. பெயரில் மட்டும்தான் டோக்கியோ. அது இருப்பது பக்கத்து மாகாணமான சிபாவில், உரயாசு என்ற சிறு நகரத்தில்.

விடுமுறைக்கு ஜப்பான் போய் வருகிறவர்கள் அந்தக் கோட்டைக்கு முன்னால் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்துப் போடுகிறார்கள். பார்க்கச் சந்தோசமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைகள் நிற்கும் இடத்தில், இன்றைக்கு அறுபது வருடத்துக்கு முன்னால் ஒருவர் நின்றிருந்தால் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று மட்டி பொறுக்கிக்கொண்டிருந்திருப்பார். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். கொஞ்சம் நீளம். கடற்கரை ஊர்க்காரர்களாகிய நாம் பொறுமையாக வாசிக்க வேண்டிய கதை.

உரயாசு என்ற பெயர் 1889இல் வந்தது. மூன்று கிராமங்களை ஒன்றாக்கியபோது, கரை அமைதியாக இருக்கட்டும் என்ற எண்ணத்தில் வைத்த பெயர். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் டோக்கியோ வளைகுடா. 1940இல் பாலம் போடும்வரை டோக்கியோவுக்குப் போக வேண்டுமென்றால் ஆற்றைத் தோணியில்தான் கடக்க வேண்டும். தலைநகரத்தின் வாசலில் இருந்தும் தீவு மாதிரி ஒதுங்கிக் கிடந்த ஊர்.

அந்த ஊரைக் காப்பாற்றியது கடல். ஆழக்கடல் அல்ல, கரையிலிருந்து வெகுதூரம் ஆழமில்லாமல் விரிந்து கிடந்த சேறும் மணலும் கலந்த திடல். வற்றும் நேரத்தில் அது வெளியே தெரியும். அங்கே மட்டி விளைந்தது. குளிர்காலத்தில் நோரி என்ற கடற்பாசியை வளர்த்தார்கள். ஜப்பானியர் சோற்றைச் சுற்றிச் சாப்பிடும் அந்தக் கறுப்புத் தாள் அதுதான். ஒருவர் தனியாக ஓட்டக்கூடிய தட்டையான சிறு வள்ளத்தில் போய்ப் பாசியை அறுத்து வந்து, அரைத்து, தாளாக வார்த்து, வெயிலில் காயவைப்பார்கள். ஆண்கள் கடலில் என்றால் பெண்கள் கரையில். பெரிய பணக்காரர்கள் இல்லை. ஆனால் தினமும் இரண்டு தடவை வற்றிப் பெருகும் கடல், தினமும் கூலி கொடுத்துக்கொண்டிருந்தது.

இனி 1958ஆம் வருடத்துக்கு வருவோம். அந்த ஒரே வருடத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு காரியங்கள்.

முதலாவது, கறுப்புத் தண்ணீர். ஆற்றோரமாக டோக்கியோப் பக்கத்தில் ஹொன்ஷு காகிதக் கம்பனியின் ஆலை ஒன்று இருந்தது. அந்த வருடம் ஏப்ரல் மாதம் அதிலிருந்து கறுப்பு நிறக் கழிவுநீர் ஆற்றில் இறங்கத் தொடங்கியது. ஆறு போய்ச் சேரும் இடம் உரயாசுக் கடல். மட்டியும் மீனும் செத்தன. மீனவர்கள் ஆலையிடம் போய்ச் சொன்னார்கள். அதிகாரிகளிடம் முறையிட்டார்கள். கழிவு நின்றபாடில்லை. ஜூன் 10ஆம் திகதி நூற்றுக்கணக்கான மீனவர்கள் ஆலைக்குள் நுழைந்தார்கள். பொலிஸாருடன் மோதல் வெடித்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் காயப்பட்டார்கள், சிலர் கைதானார்கள்.

நாடு முழுக்க அது செய்தியானது. அதே வருடம் டிசம்பரில் ஜப்பான் நாடாளுமன்றம் நீர் மாசுபடுதலைக் கட்டுப்படுத்த இரண்டு சட்டங்களை நிறைவேற்றியது. அந்த நாட்டில் தண்ணீரைப் பாதுகாக்க வந்த முதல் தேசியச் சட்டங்கள் அவை. அவற்றுக்குக் காரணமாக இருந்தவர்கள் பெரிய படிப்பாளிகள் அல்ல, மட்டி பொறுக்கியவர்கள். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

இரண்டாவது காரியம் கடலுக்கு அப்பால் நடந்தது. கெய்செய் என்ற ரயில் கம்பனியின் தலைவர் கவசாகி சிஹாரு அதே 1958இல் அமெரிக்கா போனார். ரோசாச் செடி வாங்கத்தான் போனார். போன இடத்தில், மூன்று வருடத்துக்கு முன் கலிபோர்னியாவில் திறந்திருந்த டிஸ்னிலாண்டைப் பார்த்தார். இப்படி ஒன்று ஜப்பான் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்ற ஆசையோடு திரும்பினார்.

ஆசை இருந்தது, இடம் இல்லை. டோக்கியோவுக்குப் பக்கத்தில் அவ்வளவு பெரிய காணி எங்கே கிடைக்கும்? கடலை நிரப்பினால் கிடைக்கும். 1960இல் ஒரியன்டல் லாண்ட் என்ற கம்பனி உருவானது. உரயாசுக் கடலை நிரப்பி வீடுகளும் பெரிய பொழுதுபோக்கு இடமும் அமைப்பது அதன் நோக்கம்.

ஆனால் கடல் சும்மா கிடக்கவில்லை. அதில் மீனவர் சங்கங்களுக்குச் சட்டப்படியான தொழில் உரிமை இருந்தது. அவர்கள் கையெழுத்துப் போடாமல் ஒரு கூடை மண்ணைக்கூடக் கொட்ட முடியாது. அந்தக் கையெழுத்தை வாங்கும் வேலைக்குத் தகாஹாஷி மசாதோமோ என்பவரைக் கம்பனி அமர்த்தியது. அவர் அலுவலகத்தில் இருந்துகொண்டு கடிதம் அனுப்பவில்லை. மீனவர்களோடு இரவிரவாக உட்கார்ந்து குடித்துப் பேசி, அவர்கள் கோபத்தையும் கவலையையும் கேட்டார். முன்பு ஆலைக்கு எதிராகக் கல்லெடுத்த ஊர், 1962இல் கடலின் ஒரு பகுதியை நட்டஈட்டுக்கு விட்டுக்கொடுத்தது. 1971இல் மீதி உரிமையையும் முழுவதுமாகக் கைவிட்டது.

ஏன் விட்டார்கள்? பணத்துக்கு ஆசைப்பட்டார்கள் என்று ஒரே சொல்லில் முடிப்பது நியாயமில்லை. சட்டம் வந்த பிறகும் வளைகுடா சுத்தமாகவில்லை. டோக்கியோ வளர வளரத் தொழிற்சாலைகளின் கழிவும் நகரத்தின் அழுக்கும் கூடிக்கொண்டே போயின. பாசி முன்போல விளையவில்லை. மட்டி குறைந்தது. மகனைத் தன் வள்ளத்தில் ஏற்ற எந்தத் தகப்பனுக்கும் மனம் வரவில்லை. 1969இல் சுரங்க ரயில் பாதை உரயாசு வரை வந்தது. இளம் பிள்ளைகள் ரயிலேறி டோக்கியோவுக்கு வேலைக்குப் போனார்கள். கடலை வாங்க ஆள் வந்த நேரத்தில், கடல் ஏற்கனவே பாதி செத்துவிட்டிருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். உரயாசுக்காரர்கள் கடலை இழந்தது 1971இல் கையெழுத்துப் போட்ட அன்றா? அல்லது 1958 ஏப்ரலில் கறுப்புத் தண்ணீர் வந்த அன்றா? என் கணக்கில் இரண்டாவதுதான். கெடுத்தவர் ஒருவர், வாங்கியவர் இன்னொருவர். கெடுத்தவர் கெடுத்திருக்காவிட்டால் வாங்க வந்தவருக்கு விலை கூடியிருக்கும். விற்பதா இல்லையா என்று உட்கார்ந்து யோசிக்க மீனவனுக்கு அவகாசமும் இருந்திருக்கும். வருமானம் வற்றிய பிறகு நடக்கும் பேச்சுவார்த்தையில் இரண்டு பக்கமும் சமமாக இருக்காது.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. கடலடி மணலை உறிஞ்சிக் கொட்டி நிரப்பினார்கள். 4.43 சதுர கிலோமீற்றராக இருந்த ஊர் 16.98 சதுர கிலோமீற்றராக விரிந்தது. ஏறக்குறைய நான்கு மடங்கு. இன்றைய உரயாசுவில் முக்கால் பங்கு ஒரு காலத்தில் கடல். 1974இல் டிஸ்னி அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். பூஜி மலையடிவாரத்தில் இடம் காட்டிய இன்னொரு கம்பனியும் போட்டியில் இருந்தது. டோக்கியோவுக்குக் கிட்ட இருந்ததால் உரயாசு வென்றது. 1979இல் ஒப்பந்தம். 1983 ஏப்ரல் 15இல் திறப்பு. அமெரிக்காவுக்கு வெளியே திறந்த முதல் டிஸ்னி பூங்கா அதுதான். 2001இல் பக்கத்திலேயே இரண்டாவது பூங்காவையும் திறந்தார்கள். அதன் பெயர் டிஸ்னிசீ. கடல்தான் அதன் கரு. நிரப்பிய கடலின் மேல் ஒரு கடல் பூங்கா!

ஊருக்கு நன்மை இல்லையா என்றால், இருக்கிறது. அதை மறைத்துச் சரித்திரம் சொல்லக் கூடாது. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கிடைத்தது. வரிப் பணத்தால் நகரசபை வளமானது. நல்ல பாடசாலைகள், நூலகங்கள் வந்தன. 2002 முதல் அந்நகரம் தன் இளைஞர்கள் வயதுக்கு வந்ததைக் கொண்டாடும் வைபவத்தை டிஸ்னிலாண்டிலேயே நடத்துகிறது. மட்டி பொறுக்கியவரின் பேரப்பிள்ளை கிமோனோ உடுத்து மிக்கி மவுஸுக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கிறது. அந்தச் சிரிப்பும் உண்மைதான்.

2011 மார்ச் 11இல் பெரிய பூகம்பம் வந்தது. கடற்கரை ஈர மணலில் ஒரே இடத்தில் காலால் மிதித்துக்கொண்டிருந்தால் தண்ணீர் மேலே வந்து கால் புதையும் அல்லவா? நிரப்பிய நிலத்தில் பூகம்பம் அதைத்தான் செய்தது. மண் கூழாகியது. வீடுகள் சரிந்தன, மின்கம்பங்கள் சாய்ந்தன, வீதிக்கு அடியில் இருந்த மென்ஹோல்கள் தரைக்கு மேலே எழும்பி நின்றன. குழாய்த் தண்ணீர் நின்றது. நகரத்தின் பெரும்பகுதி பாதிக்கப்பட்டது. ஆனால் கடல் நிரப்பாத பழைய மீனவர் குடியிருப்பு தப்பியது. டிஸ்னி பூங்காவின் உட்பகுதியும் பெரிய சேதமில்லாமல் தப்பியது. கட்டும்போதே நிலத்துக்குள் மணல் தூண்களை இறுக்கி அடித்து மண்ணைக் கெட்டியாக்கியிருந்தார்கள். அந்தச் செலவைத் தாங்கக்கூடியவர்களின் நிலம் நின்றது. கடன் வாங்கி வீடு கட்டிய சாதாரண மக்களின் நிலம் இளகியது.

இன்னொரு விசயத்தையும் சொல்லி முடிக்கிறேன். உரயாசுக்குப் பக்கத்தில் சன்பான்சே என்ற திடல் இன்னும் மிஞ்சியிருக்கிறது. அதையும் நிரப்பத் திட்டம் இருந்தது. முதலில் 740 ஹெக்டேயர். மக்கள் எதிர்த்தார்கள், எழுதினார்கள், கூட்டம் போட்டார்கள். திட்டம் 101 ஹெக்டேயராகச் சுருங்கியது. 2001இல் சிபா மாகாண ஆளுநராகத் தெரிவான டோமோட்டோ அகிக்கோ என்ற பெண்மணி அந்தத் திட்டத்தையே நிறுத்தினார். இன்றைக்கும் அங்கே பறவைகள் வருகின்றன, மட்டி இருக்கிறது. நேரத்தோடு கேட்டால் கிடைக்கும் என்பதற்கு அது சாட்சி.

அதே 2001இல் உரயாசு நகரம் ஓர் அருங்காட்சியகம் திறந்தது. அதன் முற்றத்தில் 1952ஆம் வருடத்து மீனவத் தெரு ஒன்றை அப்படியே அமைத்திருக்கிறார்கள். வீடுகள், கடைகள், ஆற்றங்கரை, சிறு வள்ளங்கள் எல்லாம் உண்டு. டிஸ்னிலாண்டுக்குப் போகும் கூட்டத்தில் நூற்றில் ஒருவர் அங்கே போவாரோ தெரியாது. யாராவது உறவினர் அந்தப் பக்கம் போனால், பிள்ளைகளைக் கோட்டைக்கும் கூட்டிப் போங்கள், அரைநாள் ஒதுக்கி இந்தத் தெருவுக்கும் கூட்டிப் போங்கள் என்று சொல்லுங்கள்.

நமக்கு ஜப்பான் தூரம். ஆனால் கொழும்பில் கடலை நிரப்பித் துறைமுக நகரம் எழும்பியதையும், கடல் மணலை அள்ளுகிறார்கள் என்று நீர்கொழும்பு மீனவர்கள் வீதிக்கு வந்ததையும் நம் கண்ணாலேயே கண்டோம். நம் ஊர்க் கரையிலும் களப்பிலும் எந்த இடத்தில் என்ன பிடிபட்டது, எந்தத் திடலுக்கு என்ன பெயர், எந்த வருடத்தில் இருந்து எது குறைந்தது என்பதெல்லாம் இன்றைக்கு எழுபது வயது தாண்டியவர்களின் வாயில் மட்டுமே இருக்கிறது. இந்த விடுமுறையில் பிள்ளைகளிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து வாப்பாமாரிடமும் அப்பாமாரிடமும் உட்கார வையுங்கள். திடல்களின் பெயரை மட்டுமாவது எழுதி வரட்டும். பாடசாலை தொடங்கியதும் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வரைபடமாகப் போடுவோம். தண்ணீரின் நிறம் மாறினால், எந்த இடத்தில் மாறியது என்று சுட்டிக் காட்ட நம் கையில் ஒன்று இருக்க வேண்டும்.