குட்டி விமானத்திலும் 'ஓவர்ஃப்ளோ' ஆகுமா? மூக்குக்கு அடியில் சொட்டும் பெட்ரோல் ஏன் ஆபத்து?

பழைய பைக் வச்சிருக்கறவங்களுக்கு இது தெரிஞ்ச விஷயம்தான். வண்டி நிற்கும்போது கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டும், 'ஓவர்ஃப்ளோ' என்பார் மெக்கானிக். இதே கோளாறு செஸ்னா 152 போன்ற பயிற்சி விமானங்களிலும் வரும். 1977 முதல் 1985 வரை தயாரான இந்த 2 இருக்கை விமானம், பல நாடுகளில் இன்றும் பறக்கிறது.

இதில் எரிபொருள் டேங்க் இறக்கையில், கார்புரேட்டர் இன்ஜினுக்கு அடியில். பம்ப் கிடையாது, எரிபொருள் தானாக இறங்கும். அதைத் தடுத்து நிறுத்துவது கார்புரேட்டருக்குள் இருக்கும் ஒரு சின்ன ஊசி வால்வுதான். கிண்ணத்தில் எரிபொருள் உயர்ந்தால் மிதவை மேலே எழும்பி ஊசியை அழுத்தி வழியை அடைக்கும். அடைக்கவில்லையென்றால்? வால்வு திறந்திருக்கும் வரை டேங்கிலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கும்.

கறையா, கசிவா?

100எல்எல் விமான பெட்ரோலின் நிறம் நீலம். அது ஆவியான பிறகும் நீலச் சாயம் ஒட்டியிருக்கும். அதனால் கறை பழையதாகவும் இருக்கலாம். ஸ்டார்ட் செய்யும் முன் த்ராட்டிலை அதிகம் பம்ப் செய்தாலும் சில சொட்டுகள் விழும், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும்.

நிற்காவிட்டால்தான் பிரச்னை. மூடியைக் கழற்றி, எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, இன்ஜினை ஓட்டாமல் எரிபொருள் வால்வை மட்டும் திறந்து பார்ப்பார்கள். முதலில் எங்கே ஈரமாகிறது என்பதுதான் விடை. காற்றுப் பெட்டி வழியாகச் சொட்டினால் ஊசி அல்லது மிதவை. கார்புரேட்டரின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் கசிந்தால் கேஸ்கெட் அல்லது தளர்ந்த ஸ்க்ரூ. குழாய் இணைப்பில் என்றால் வேலை சுலபம்.

தட்டினால் சரியாகுமா?

லேசாகத் தட்டினால் ஊசியில் சிக்கிய தூசி விலகி, சொட்டு நிற்கலாம். ஆனால் தூசி உள்ளேயேதான் இருக்கும். அதை நம்பிப் பறப்பது விபரீதம். காற்றுப் பெட்டியில் தேங்கிய பெட்ரோல், ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜின் 'பேக்ஃபயர்' அடித்தால் தீப்பிடிக்கும். அப்போது ஸ்டார்ட்டரை விடாமல் சுற்றச் சொல்கிறது விமானத்தின் கையேடு. தீயும் பெட்ரோலும் இன்ஜினுக்குள் இழுக்கப்பட வேண்டும் என்பதற்காக.

பழுதுபார்ப்பது எப்படி?

கார்புரேட்டரை இறக்கிப் பிரிக்க வேண்டும். ஊசி முனையில் தேய்ந்த வளையம் தெரிந்தால், ஊசியையும் அது உட்காரும் சீட்டையும் ஜோடியாகவே மாற்றுவார்கள். பழைய பித்தளை மிதவையில் பற்றவைப்பு விரியும். உள்ளீடற்ற பிளாஸ்டிக் மிதவைக்குள் பெட்ரோல் புகுந்துவிடும். குலுக்கினாலே சத்தம் கேட்கும். புது மிதவையின் உயரத்தையும் அளக்க வேண்டும். இந்த ரக கார்புரேட்டர்கள் பலவற்றில் மேல் பாகத்தைக் கவிழ்த்து வைத்து, கேஸ்கெட்டுக்கும் மிதவைக்கும் நடுவே 7/32 அங்குல ட்ரில் பிட்டை நுழைத்துப் பார்ப்பது வழக்கம்.

உள்ளே போகும் வழியில் உள்ள வடிகட்டியைப் பார்க்காமல் விட்டால், அடுத்த மாதமே மறுபடி கழற்ற நேரிடும். பைக் மாதிரி இதை யார் வேண்டுமானாலும் செய்துவிட முடியாது. இந்தியாவில் டிஜிசிஏ உரிமம் பெற்ற பராமரிப்பு இன்ஜினீயர் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். அதற்கு முன் வால்வைத் திறந்து வைத்து, சொட்டு விழுகிறதா என்று இன்னொரு முறை காத்திருந்து பார்த்த பிறகுதான் மூடி மாட்டப்படும்.