கன்னுக்குட்டி கொடுத்த வட்டம்

எங்க வயல் ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடம் தாண்டி. சின்ன வயசுல கன்னுக்குட்டி கழுத்துல வட்டமா முடி உதிர்ந்தா, கொஞ்ச நாள்ல என் கையிலயும் அதே வட்டம் வரும். அப்பத்தா சீமை அகத்தி இலையை அரைச்சுத் தடவும். வண்டுகடின்னு பேரு, ஆனா கடிச்சது வண்டு இல்லை, பூஞ்சை.

பூஞ்சைக்கு மருந்தும் ஒரு பூஞ்சையிலிருந்தே வந்தது. 1939-ல் லண்டனில் பிரித்தெடுத்த கிரிசியோஃபல்வின், 1958-ல் கினிப்பன்றிகளின் படர்தாமரையைக் குணமாக்கியது. மாடுகளும் மனிதர்களும் அடுத்தடுத்துப் பலன் பெற்றார்கள். 1990-களில் டெர்பினாஃபின் வந்தது. சில வாரத்தில் குணம்.

அந்த நிம்மதி நிலைக்கவில்லை. ஸ்டீராய்டு கலந்த ட்யூப்களைக் கடையில் கேட்டு வாங்கித் தடவினோம். சிவப்பு மறையும், அரிப்பு அடங்கும். பூஞ்சை உள்ளே பரவும். 2018-ல் ஸ்டீராய்டு களிம்புகளுக்குச் சீட்டு கட்டாயம் என்று மத்திய அரசு சொன்னது. 2020-ல், டெர்பினாஃபினுக்கு அடங்காத ஒரு பூஞ்சைக்கு ஜப்பான் ஆய்வாளர்கள் நம்ம நாட்டுப் பேரையே வைத்தார்கள்: டிரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே. பெரும்பாலும் மனுசனுக்கு மனுசன் தொற்றுவது, நாய்களிடமும் கண்டிருக்கிறார்கள்.

திருச்சியில வேலை பார்க்கிற என் மகனும் ட்யூப் தடவி ஏமாந்தவன்தான். தோல் டாக்டர் சுரண்டிப் பார்த்து, மருந்தை மாத்தி, நாலு மாசம் ஆச்சு.

இப்ப எங்க வீட்டுல ஆளுக்கொரு துண்டு. கன்னுக்கு வட்டம் தெரிஞ்சா முதல்ல மாட்டு டாக்டர். அரிப்பு நின்னதும் மருந்தை மட்டும் நிறுத்திடாதீங்க.