முட்டைக்குள் ஒரு கல்வெட்டு

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிறவர்கள் கடற்கரைக் கோயிலைப் பார்த்ததும் திரும்பிவிடுகிறார்கள். நான் வடக்கே சாளுவன்குப்பத்துக்கும் போனேன். அங்கே அதிரணசண்டன் குடைவரையில், ஒரே வடமொழிச் சுலோகங்களைத் தென்சுவரில் கிரந்தத்திலும் வடசுவரில் நாகரியிலும் செதுக்கியிருக்கிறார்கள். வாசகம் ஒன்று, எழுத்து வேறு. அந்த நினைவோடு இன்னும் வடக்கே வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள் நுழைந்தேன்.

அருகிவரும் முதலைகளைக் காக்க ரோமுலஸ் விட்டேகர் 1976-இல் தொடங்கிய பண்ணை அது. முட்டை பொரித்தால் மட்டும் போதுமா? ஆணும் பெண்ணும் வேண்டாமா? மனிதரில் தந்தையின் குரோமோசோம் அதைத் தீர்மானிக்கிறது; முதலையிலோ உஷ்ணம்! ஜெஃப்ரி லாங், ஹாரி ஆண்ட்ரூஸ், விட்டேகர் மூவரும் 1989-இல் அறிவித்தார்கள்: 28 முதல் 31 டிகிரி வரை மாறாத உஷ்ணத்தில் வைத்த நம் நாட்டு முதலை முட்டைகளில் அத்தனையும் பெண், 32.5 டிகிரியில் அத்தனையும் ஆண். நடுவே ஒன்றரை டிகிரிதான்!

உஷ்ணத்தால் டி.என்.ஏ. வாசகம் மாறுவதில்லை. அதன்மேல் மெதில் என்னும் சிறு குறி ஏறுகிறது. முகப்பில் குறி ஏறிய மரபணு பெரும்பாலும் வாய் மூடிக்கொள்ளும். முதலையின் உறவான அமெரிக்க அலிகேட்டரில் 2014-இல் இதைக் கண்டார்கள்: ஆண் பிறக்கும் உஷ்ணத்தில், பெண்மைச் சுரப்பை உண்டாக்கும் அரோமடேஸ் மரபணுவின் முகப்பில் குறி மிகுகிறது.

குறியிடுகிறவை நொதிகள். உயிரணு இரண்டாகும்போது பழைய குறியைப் படியெடுக்கும் எழுத்தர் ஒருவர். புதுக்குறி வெட்டும் சிற்பிகள் வேறு. முதுகெலும்புள்ள பிராணிகளில் இந்தச் சிற்பிக் குடும்பம் ஒரே அளவினதல்ல. வரிக்குதிரை மீனிடம் புதுக்குறி வெட்டும் மரபணுக்கள் ஆறு. சுண்டெலியிடம், ஆணின் விந்தணு உருவாகும் இடத்தில், துள்ளித் திரியும் மரபணுத் துணுக்குகளை அடக்குவதற்கென்றே ஒரு தனி நொதி உண்டு. 2016-இல் தெரியவந்த அது மனிதனிடம் இல்லை. பழைய மரபணு ஒன்று இரட்டித்து, நகல் வேறு தொழில் கற்றுக்கொண்ட சரித்திரம் அது. எழுதும் கைகள் மாறினால் எழுத்தின் கோலமும் மாறத்தானே செய்யும்?

இது ஏட்டுச் சமாசாரம் அல்ல. இதே கரையில் முட்டையிடும் பங்குனி ஆமைக்குக் கதை நேர்மாறு. மணல் மிகச் சுட்டால் பெண்களே பிறக்கும். பூமி சூடேறும் இந்நாளில் ஒரு குலத்துக்கு மாப்பிள்ளையே கிடைக்காமல் போகலாம்! கல்லில் வெட்டியதை அழிக்க மழைக்குப் பல நூற்றாண்டு வேண்டும். முட்டைக்குள் வெட்டுவதை மாற்ற ஒரு கோடை போதும். மாமல்லபுரம் போகிறவர்கள் இரண்டையும் பார்த்துவிட்டு வாருங்கள்.