அனுமாரும் அல்ட்ராமேனும் - ஒரு ஒற்றைப் பக்க ஒப்பந்தத்தின் கதை

செம்பட்டிப் பக்கம் பெரியவர்களைக் கேட்டால், கிழக்கே தெரியும் சிறுமலைக்கு ஒரு கதை சொல்வார்கள். அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு பறந்தபோது அதிலிருந்து ஒரு துண்டு உடைந்து விழுந்ததாம், அதுதான் சிறுமலையாம். மலையையே தூக்கியவர் சினிமாவில் ராட்சத மிருகங்களோடு சண்டை போட்டால் எப்படி இருக்கும்? போட்டிருக்கிறார்! அதுவும் ஜப்பானின் அல்ட்ராமேனோடு கூட்டுச் சேர்ந்து, 1974-ல், தாய்லாந்தில்.

முதலில் அல்ட்ராமேன். 'காட்ஜில்லா' (1954) படத்துக்குத் தந்திரக் காட்சிகள் அமைத்த எய்ஜி சுபுராயாவின் கம்பெனி, 1966-ல் டிவிக்காக உருவாக்கிய நாயகன் இவன். 40 மீட்டர் உயரம். பூமியில் 3 நிமிடம்தான் தாக்குப்பிடிப்பான், நெஞ்சிலுள்ள விளக்கு மினுக்க ஆரம்பித்தால் நேரம் முடியப்போகிறது என்று அர்த்தம். ரப்பர் உடைக்குள் ஒரு ஆள், சுற்றிலும் பொம்மைக் கட்டடங்கள், அவ்வளவுதான் தொழில்நுட்பம். ஆனால் சின்னப் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

அந்தக் காலத்தில் ஜப்பானுக்குப் படிக்கப் போய் சுபுராயாவிடம் தொழில் கற்றுக்கொண்டவர் சொம்போத் சேங்துவான்சாய் என்ற தாய்லாந்து இளைஞர். அல்ட்ராமேனின் முகத்துக்கு, தான் காட்டிய சுகோதை புத்தர் சிலைப் படங்களே தூண்டுதல் என்று பிற்பாடு சொன்னவர். உருவத்தை வரைந்தது தோரு நரிதா என்பதுதான் பதிவு. ஊர் திரும்பி 'சாயோ' என்ற கம்பெனி தொடங்கிய சொம்போத், சுபுராயா கம்பெனியோடு சேர்ந்து எடுத்ததுதான் 1974-ன் அனுமார் படம்.

கதையைக் கேளுங்கள். புத்தர் சிலையின் தலையைத் திருடும் கும்பலைத் தடுக்கப் போன சிறுவனைச் சுட்டுக் கொல்கிறார்கள். வானத்திலிருந்து அல்ட்ரா தாய் அவனை எடுத்துப்போய் அனுமாராக உயிர்ப்பிக்கிறாள். ஊரில் கடும் வறட்சி. அனுமார் சூரிய பகவானிடம் போய்க் கெஞ்சுகிறார். மழைக்காக ராக்கெட் விடும் நிலையம் வெடித்து, மிருகங்கள் கிளம்புகின்றன. தனியாக அடி வாங்கும் அனுமாருக்கு ஆறு அல்ட்ரா சகோதரர்களும் துணைக்கு வருகிறார்கள். (தாய்லாந்து ராமாயணமான 'ராமகியென்'னில் அனுமார் வெள்ளைக் குரங்கு, பிரம்மச்சாரியும் இல்லை. நம்மூர் பக்தர்கள் மன்னிக்க!) ஜப்பானில் இந்தப் படம் 1979-ல்தான் திரைக்கு வந்தது. அதற்குள் சொம்போத் அனுமாரையும் 'காமென் ரைடர்' நாயகர்களையும் சேர்த்து 1975-ல் இன்னொரு படம் எடுத்துவிட்டார், டோயி நிறுவனத்தின் அனுமதி இல்லாமலே. ஆளின் சுபாவம் புரிகிறதா?

இனிதான் விவகாரம். எய்ஜியின் மகன் நொபொரு சுபுராயா 1995-ல் இறந்தார். அதன் பிறகு சொம்போத் ஒரு காகிதத்தை வெளியே எடுத்தார். 1976-ல் நொபொரு கையெழுத்திட்டதாம். ஒரே ஒரு பக்கம். அல்ட்ராமேன் உட்பட ஒன்பது படைப்புகளின் உரிமை, ஜப்பானைத் தவிர்த்த உலகம் முழுவதற்கும், கால வரம்பில்லாமல் சாயோவுக்கு! அந்தக் காகிதத்தில் கம்பெனியின் பெயரே சரியில்லை, தொடர்களின் பெயர்களிலும் பிழை. கையெழுத்துப் போட்டதாகச் சொல்லப்பட்டவரோ உயிரோடு இல்லை.

வேடிக்கை என்னவென்றால், சொந்த ஊரான ஜப்பானில் சுபுராயா தோற்றது. 2004-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒப்பந்தம் செல்லும் என்ற தீர்ப்பை உறுதி செய்தது. சொம்போத்தின் தாய்லாந்திலோ 2008-ல் உச்ச நீதிமன்றம் அது போலி என்றது. அவரவர் ஊரிலேயே அவரவர் தோற்ற வழக்கு வேறு உண்டா தெரியவில்லை! 2017 நவம்பரில் கலிபோர்னியா ஜூரியும் காகிதம் உண்மையானதல்ல என்றது, 2019-ல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. பிழைகளைப் பார்த்தால் இந்த முடிவுதான் சரியென்று படுகிறது. அதற்குள் இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. வழக்கு ஓடிய காலத்தில் ஜப்பானுக்கு வெளியே பழைய அல்ட்ராமேன் தொடர்களை விற்பதே சுபுராயாவுக்குச் சிக்கலாக இருந்தது.

குருவின் வீட்டோடு கடைசிவரை வழக்காடிய சொம்போத் 2021 ஆகஸ்டில் காலமானார்.