மிஸ்மார் போன வழி: ஸ்பெயினின் இருமொழிப் பள்ளிகளும் வெளியிலிருந்து வந்த ஆசிரியர்களும்

வெளிநாட்டில் ஆங்கிலம் படிப்பிக்கப் போகலாம் எண்டு தேடிப் பார்த்த ஆக்களுக்குத் தெரியும், கொஞ்ச நேரத்திலேயே ஸ்பெயின் வந்து நிற்கும். ஆரம்பப் பள்ளி, இருமொழித் திட்டம், கிழமைக்குப் பதினாறு மணித்தியாலம், வெயில், கடற்கரை. கீழே சின்ன எழுத்தில் ‘தாய்மொழியாக ஆங்கிலம் பேசுபவர்’ எண்டும் இருக்கும்.

எங்களுக்கு இதில ஒரு கேள்வி எழும்பினது. உலகம் முழுக்க ஏறத்தாழ 50 கோடிப் பேர் பேசுகிற மொழி ஸ்பானிஷ். ஒரு காலத்தில் பாதி உலகத்துக்குத் தன்ர மொழியைத் திணித்த நாடு அது. அந்த நாடு ஏன் தன்ர ஆறு வயசுப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானத்தை ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுக்க வெளியிலிருந்து ஆள் கூப்பிடுது? இதற்குப் பதில் தேடினால் நூறு வருசத்துக்கு மேல் பின்னால் போக வேண்டியிருக்கு.

பணக்கார வீட்டு மிஸ்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயினில் ஆங்கிலம் இருந்த இடம் பள்ளிக்கூடம் இல்லை, பணக்காரரின் வீடு. பில்பாவோ போன்ற தொழில் நகரங்களில் சுரங்கமும் கப்பலும் இரும்பும் வைத்திருந்த குடும்பங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பழக்க அயர்லாந்திலிருந்து இளம் பெண்களை எடுத்தன. அயர்லாந்துப் பெண்கள் கத்தோலிக்கர், ஆங்கிலமும் பேசுவார்கள். அந்தக் குடும்பங்களுக்கு இரண்டும் தேவைப்பட்டது. அவர்களை அங்கே ‘மிஸ்’ எண்டுதான் கூப்பிட்டார்கள். நாங்கள் பள்ளிக்கூடத்தில் கூப்பிடுகிற அதே மிஸ்.

பின்னாளில் பெயர்பெற்ற நாவலாசிரியரான கேட் ஓ’பிரையன் 1922, 23 காலப்பகுதியில் பில்பாவோவுக்குப் பக்கத்தில் போர்த்துகலேத்தே என்ற ஊரில் இப்படி மிஸ்ஸாக இருந்தவர். அவரிடம் படித்த பையன் ஹோசே மரியா தெ அரெயில்சா, பிராங்கோ இறந்த பிறகு ஸ்பெயினின் வெளிநாட்டு அமைச்சராக வந்தார். ஓ’பிரையன் அந்த வாழ்க்கையை வைத்து எழுதிய ‘மேரி லவெல்’ நாவல் 1936இல் வெளிவந்து அயர்லாந்தில் தடை செய்யப்பட்டது.

இந்த ‘மிஸ்’ வேலையின் தன்மையைக் கவனிக்க வேணும். அவர் வீட்டுக்காரரும் இல்லை, வேலைக்காரரும் இல்லை. ஆசிரியர் எண்டு சொன்னாலும் ஆசிரியத் தகைமையை ஒருவரும் கேட்கவில்லை. அவருடைய வாயில் இருந்த மொழிதான் அவருடைய தகைமை.

அதே காலத்தில் வேறொரு வழியும் இருந்தது. அமெரிக்க மிஷனரி அலிஸ் கோர்டன் குலிக் 1870களில் சந்தாந்தேர் நகரில் பெண் பிள்ளைகளுக்கு ஒரு விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து 1892இல் சர்வதேச நிறுவனமாகப் பதியப்பட்டு, பிறகு மாட்ரிட்டுக்குப் போனது. ஸ்பானியப் பெண்களை உயர்கல்விக்கு அனுப்புவதுதான் குலிக்கின் நோக்கம். பிரான்சிஸ்கோ கினர் தொடங்கிய சுதந்திரக் கல்வி நிறுவனத்தின் வழிவந்தவர்களும் பின்னர் அந்தக் கட்டடத்தைப் பயன்படுத்தினார்கள். மொழியைக் கதவாகப் பார்த்த ஆக்கள் இவர்கள். ஆனாலும் அந்தக் கதவால் போனது கொஞ்சப் பேர்தான்.

ஒரே மொழி, ஒரே கொடி

1931இல் குடியரசு வந்தபோது ஆரம்பப் பள்ளிகளும் ஆசிரியர்களும் அரசின் முதல் அக்கறையாக இருந்தார்கள். 1936இல் உள்நாட்டுப் போர் மூண்டது. பிராங்கோ தரப்பு தான் பிடித்த பகுதிகளில் அரச ஆசிரியர் எல்லோரையும் விசாரணைக்கு உட்படுத்தியது. கனபேர் வேலை இழந்தார்கள், ஊர் மாற்றப்பட்டார்கள், சிறைக்குப் போனார்கள், கொல்லவும் பட்டார்கள். கட்டலான், பாஸ்க், கலீசிய மொழிகள் வகுப்பறையிலிருந்து துரத்தப்பட்டன. வீட்டில் பேசின மொழியைப் பள்ளியில் பேசினதுக்கு அடி வாங்கின தலைமுறை ஒன்று அங்கேயும் உண்டு.

அந்தக் காலத்திலும் பணக்காரருக்கு வழி திறந்தே இருந்தது. 1940இல், போர் முடிந்த மறு வருசமே, அயர்லாந்து அறிஞர் வால்டர் ஸ்டார்க்கி மாட்ரிட்டில் பிரிட்டிஷ் கவுன்சிலின் பள்ளியைத் தொடங்கினார். சாதாரணப் பிள்ளைகளுக்கோ 1970ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகும் ஆறாம் வகுப்பில்தான் வெளிநாட்டு மொழி தொடங்கியது. நெடுங்காலம் அது பெரும்பாலும் பிரெஞ்சாகவே இருந்தது. பெரியவர்களுக்கு ஆங்கிலம் வராது என்பது இண்டைக்கும் ஸ்பானியர் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிச் சிரிக்கிற பகிடி. அந்தப் பகிடிக்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கு.

சாந்தா கொலோமாவின் பெற்றோர்

இருமொழிக் கல்வியை ஸ்பெயினுக்குக் கொண்டுவந்தது ஆங்கிலம் எண்டு கனபேர் நினைக்கிறார்கள். அது பிழை.

பிராங்கோ 1975இல் இறந்தார். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு காஸ்டிலியனை (நாங்கள் ஸ்பானிஷ் எண்டு சொல்வதை) நாட்டின் அரச மொழியாக வைத்து, மற்ற மொழிகளையும் அந்தந்தப் பிராந்தியங்களில் அரச மொழிகளாக ஏற்றது. 1983இல் பார்சலோனாவுக்குப் பக்கத்தில் சாந்தா கொலோமா தெ கிராமெனெட் என்ற தொழிலாளர் நகரில் ஒரு விசயம் நடந்தது. அங்கே இருந்தவர்களில் பெரும்பாலானோர் தென் ஸ்பெயினிலிருந்து பிழைக்க வந்த, வீட்டில் காஸ்டிலியன் பேசிய குடும்பங்கள். எங்கட பிள்ளைகளுக்குக் கட்டலான் மொழியில் படிப்பியுங்கோ எண்டு கேட்டது அந்தப் பெற்றோர்தான். கட்டலான் தெரியாவிட்டால் பிள்ளை நல்ல வேலைக்குப் போகாது எண்டு அவர்களுக்கு விளங்கியிருந்தது. கனடாவில் 1965இல் சென் லம்பேர் பெற்றோர் ஆங்கிலப் பிள்ளைகளைப் பிரெஞ்சில் படிக்க வைத்த அனுபவத்தை ஆசிரியர்கள் எடுத்துப் பார்த்தார்கள். அப்படித்தான் கட்டலோனியாவின் மொழி அமிழ்வுப் பள்ளி தொடங்கியது. பாஸ்க் நாட்டிலும் அதே 1983இல் பெற்றோர் தெரிவு செய்யும் மூன்று மாதிரிகள் வந்தன.

ஆக, வீட்டு மொழி அல்லாத ஒன்றில் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் தொழில், ஆங்கிலம் வருவதற்கு முன்பே உள்ளூர் ஆசிரியர்கள் சொந்தமாகப் பழகியிருந்த தொழில்.

1996: 43 பள்ளிகள்

1996 பெப்ரவரி முதலாம் திகதி ஸ்பெயினின் கல்வி அமைச்சும் பிரிட்டிஷ் கவுன்சிலும் ஒரு உடன்படிக்கை செய்தன. 43 அரச பள்ளிகளில் மூன்று நாலு வயசுப் பிள்ளைகளோடு தொடங்கினார்கள். ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படிப்பிக்காமல், விஞ்ஞானம், வரலாறு, புவியியல், சித்திரம் ஆகியவற்றை ஆங்கிலத்தில் படிப்பிக்கிற திட்டம் அது. பிரித்தானிய ஆரம்பப் பள்ளிகளில் பழகிய ஆசிரியர்கள் வந்து உள்ளூர் ஆசிரியர்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். இரண்டு நாட்டுப் பாடத்திட்டத்தையும் இணைத்து ஒரு பாடத்திட்டம் எழுதப்பட்டது. வழமையான கிராமத்து, நகரத்து அரசப் பள்ளிப் பிள்ளைக்கு, முன்பு பணக்கார வீட்டு மிஸ் கொடுத்ததை இலவசமாகக் கொடுக்கலாம் என்பதுதான் அதற்குள் இருந்த நல்ல எண்ணம். அதைக் குறைத்துச் சொல்ல எங்களுக்கு மனமில்லை.

கையெழுத்தானது சோசலிஸ்ட் அரசின் கடைசி மாதங்களில். அதே வருசம் ஆட்சி மாறி எஸ்பெரான்சா அகீரே கல்வி அமைச்சரானார். பிறகு அவர் மாட்ரிட் பிராந்தியத்தின் தலைவராக இருந்தபோது 2004இல் அங்கே 26 ஆரம்பப் பள்ளிகளோடு தனித் திட்டம் தொடங்கியது. காலப்போக்கில் மாட்ரிட்டின் அரச ஆரம்பப் பள்ளிகளில் பாதியளவு அதற்குள் வந்தன. 2005இல் அந்தலூசியாவும் பன்மொழித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது.

43 பள்ளிகளில் மெதுவாக, பிள்ளையோடு பிள்ளையாக வளர்ந்த ஒன்று தேர்தல் வாக்குறுதியாக மாறின இடம் இது. மாட்ரிட் அரசு ‘யெஸ், வீ வோன்ட்’ எண்டு பெரிய விளம்பரம் போட்டது. ஆங்கிலம் தெரிந்த ஆக்கள் ‘என்னத்தை வோன்ட்?’ எண்டு கேட்டுச் சிரித்தார்கள். ‘வேணும்’ எண்டு தமிழில் நிறுத்தலாம், ஆங்கிலத்தில் நிறுத்த ஏலாது. ஆங்கிலப் பள்ளிக்கான விளம்பரமே ஸ்பானிஷில் யோசித்து எழுதப்பட்டிருந்தது.

யார் ரீச்சர்?

இவ்வளவு வகுப்புகளுக்கு ஆசிரியர் எங்கிருந்து வருவது? இங்கேதான் மூன்று அடுக்கு உருவானது.

மேலே அரச ஆசிரியர்கள். ஒப்போசிசியோனெஸ் எனப்படும் போட்டிப் பரீட்சை எழுதி நிரந்தர நியமனம் பெற்றவர்கள். இருமொழி வகுப்பு எடுக்க இவர்கள் ஆங்கிலத் தேர்ச்சியைத் தனியாக நிரூபிக்க வேணும். இருபது வருசம் சுற்றாடல் பாடம் படிப்பித்த ஒருவர், ஆங்கிலச் சான்றிதழ் இல்லாததால் தன்ர பள்ளியிலேயே அந்தப் பாடத்தை விட வேண்டியும் வரும்.

நடுவில் தகைமையோடு வெளியிலிருந்து வந்த ஆசிரியர்கள். ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்கள் அந்தப் போட்டிப் பரீட்சையை எழுதலாம். 2020இல் ஒன்றியத்தை விட்டுப் போன பிறகு, பிரித்தானியாவிலிருந்து புதிதாக வருபவர்களுக்கு விசாவும் வேலை அனுமதியும் தேவைப்பட்டன. அயர்லாந்து ஆசிரியர்களுக்கு அந்தத் தடை இல்லை. நூறு வருசத்துக்குப் பிறகும் மிஸ் அயர்லாந்திலிருந்து வருவது சுகமாகத்தான் இருக்கு.

கீழே ‘உரையாடல் உதவியாளர்கள்’. பெரும்பாலும் பல்கலைக்கழகம் முடித்த, அல்லது முடிக்கப் போகிற அமெரிக்க, பிரித்தானிய, அயர்லாந்து இளைஞர்கள். நாங்கள் தொடக்கத்தில் சொன்ன விளம்பரம் கூடுதலாக இவர்களுக்கானது. மாட்ரிட்டில் கிழமைக்கு 16 மணித்தியாலத்துக்கு மாதம் 1,000 யூரோ எண்டு நெடுங்காலம் இருந்தது. வேறு பிராந்தியங்களில் 12 மணித்தியாலம், 700 யூரோ. சட்டப்படி இது சம்பளம் இல்லை, உதவித்தொகை. இவர்கள் ஊழியரும் இல்லை. வகுப்பைத் தனியாகப் பொறுப்பெடுக்கக் கூடாது, ஆசிரியருக்குப் பக்கத்தில் நிற்க வேணும் என்பது விதி. கற்பித்தல் பயிற்சி கேட்கப்படுவதில்லை. வீட்டுக்காரரும் இல்லை, வேலைக்காரரும் இல்லை எண்டு மேலே சொன்னோமே, அதே நிலைதான்.

இந்தத் திட்டத்துக்குப் பிலிப்பைன்ஸ் இளைஞர்களும் வருகிறார்கள். 1565 தொடக்கம் 1898 வரை, 333 வருசம், பிலிப்பைன்ஸை ஆண்டது ஸ்பெயின். 1863இல் அங்கே ஸ்பானிஷில் ஆரம்பப் பள்ளிகள் நடத்தச் சட்டமும் போட்டது. பிறகு அமெரிக்கா அந்தத் தீவுகளைப் பிடித்து, 1901இல் ‘தோமஸ்’ என்ற கப்பலில் ஏறத்தாழ 500 ஆசிரியர்களை அனுப்பி ஆங்கிலத்தைக் கொண்டுபோனது. அந்த ஆங்கிலத்தின் பேரப்பிள்ளைகள் இண்டைக்கு ஸ்பானியப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பழக்குகிறார்கள். ‘தாய்மொழியாக’ என்ற அந்தச் சொல்லை இவர்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. அது எவ்வளவு ஆட்டம் காணுது எண்டு விளங்கும்.

ஆருக்கு நட்டம்?

2016இல் அங்கெல், கப்ராலெஸ், கார்ரோ என்ற மூன்று பொருளியல் ஆய்வாளர்கள் மாட்ரிட் பள்ளிகளின் ஆறாம் வகுப்புப் பரீட்சை முடிவுகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். கணிதத்திலும் வாசிப்பிலும் தெளிவான பாதிப்புத் தெரியவில்லை. அந்தப் பாடங்கள் ஸ்பானிஷில்தான் நடந்தன. ஆங்கிலத்தில் நடந்த சுற்றாடல் பாடத்தில் மட்டும், பெற்றோர் உயர்நிலைக் கல்வி முடிக்காத பிள்ளைகள் பின்தங்கியிருந்தார்கள். படித்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு அந்தச் சரிவு தெரியவில்லை.

காரணம் ஊகிக்கக் கஷ்டமில்லை. வேரும் தண்டும் இலையும் ஆங்கிலத்தில் வந்த அண்டைக்கு, ஒரு வீட்டில் அம்மா பக்கத்தில் இருந்து விளங்கப்படுத்துவா. இல்லாவிட்டால் காசு கட்டி ரியூசனுக்கு அனுப்புவா. மற்ற வீட்டில் அம்மா கொப்பியைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைப்பா. இதையும் நேர்மையாகச் சொல்ல வேணும்: அந்தப் பரீட்சை பிள்ளைகள் எவ்வளவு ஆங்கிலம் பழகினார்கள் எண்டு அளக்கவில்லை. இலாபம் இன்னொரு பக்கத்தில் இருந்திருக்கலாம். ஆனா நட்டம் சமமாகப் பங்கிடப்படவில்லை.

இலங்கையிலும் 2000களின் தொடக்கத்தில் ஆறாம் வகுப்புக்கு மேல் இருமொழிக் கல்வி வந்தது. அதனால இந்தக் கதையைத் தூரத்து நாட்டுக் கதையாக எங்களால் வாசிக்க முடியவில்லை. எந்தப் பள்ளிக்குக் கிடைக்குது, ஆர் படிப்பிப்பது, வீட்டில் உதவ ஆளில்லாத பிள்ளை என்ன செய்யும் என்ற கேள்விகள் இங்கேயும் அதே மாதிரித்தான் நிற்குது.

ஸ்பெயினுக்குப் படிப்பிக்கப் போக நினைக்கிற நண்பர்கள் தாராளமாகப் போகலாம். நல்ல அனுபவம், நல்ல பிள்ளைகள். போகிறவர்கள் ஒண்டைச் செய்தால் போதும். வகுப்பில் ஆங்கிலத்துக்குக் கை உயர்த்துகிற பிள்ளையோடு சேர்த்து, கை உயர்த்தாத பிள்ளையையும் பாருங்கோ. அந்தப் பிள்ளைக்கு இலை எண்டால் என்ன எண்டு தன்ர மொழியில் தெரியுமா எண்டு பக்கத்தில் நிற்கிற உள்ளூர் ஆசிரியரிடம் கேளுங்கோ. சாந்தா கொலோமாவின் காலத்திலிருந்தே அந்த வேலையைப் பழகி வந்தவர்கள் அவர்கள்.