தன்னைவிடத் தெரிந்தவர்களைத் தேடிப் போன ஐடா அம்மா

திருக்குறளில் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. தன்னைவிட அறிவில் பெரியவர்களைத் தன் பக்கத்தில் வைத்துக்கொள்வதைப் பற்றியது. பள்ளிக்கூடத்தில் அதை மனப்பாடம் செய்தவர்கள் நம்மில் நிறையப் பேர். அதை வாழ்க்கையில் நடத்திக் காட்டிய ஒருவர் நம் வேலூரிலேயே இருந்தார். அவர்தான் சி.எம்.சி.யை உருவாக்கிய ஐடா ஸ்கடர்.

அவர் 1870இல் நம் ராணிப்பேட்டையில் பிறந்தவர். ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது என்று வீட்டார் மறுத்ததால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததும், அதைப் பார்த்து அவர் டாக்டருக்குப் படிக்கப் போனதும் வேலூரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1899இல் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். 1902இல் நாற்பது படுக்கையோடு ஷெல் ஆஸ்பத்திரி வந்தது. ஆரணி சாலையில் இன்று கண் ஆஸ்பத்திரியாக இருப்பது அதுதான். குடியாத்தம் சாலையில் மரத்தடியில் வண்டியை நிறுத்தி வைத்தியம் பார்த்ததை அந்தப் பக்கத்துக்காரர்கள் தாத்தா பாட்டி வாயிலாகக் கேட்டிருப்பீர்கள்.

1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். பெண்கள் எங்கே படிக்க வரப் போகிறார்கள் என்று அதிகாரிகளே சந்தேகப்பட்டார்கள். 151 விண்ணப்பங்கள் வந்தன. முதல் வருடத் தேர்வில் அவருடைய மாணவிகள் பதினான்கு பேரும் தேறினார்கள். மாகாணத்தின் ஆண்கள் பள்ளிகளில் ஐந்தில் ஒருவர்தான் தேறியிருந்தார்கள். இதுவரைக்கும் உள்ள கதையை எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடந்தது.

அந்தப் பள்ளி கொடுத்தது எல்.எம்.பி. என்ற டிப்ளமோ. 1938 வாக்கில், ராஜாஜி மந்திரிசபை காலத்தில், இனி டிப்ளமோ கிடையாது, எம்.பி.பி.எஸ். பட்டப்படிப்பு மட்டும்தான் என்று சென்னை மாகாண அரசு முடிவு செய்தது. பட்டப்படிப்பு என்றால் பெரிய ஆஸ்பத்திரி வேண்டும், ஆய்வுக்கூடங்கள் வேண்டும், ஒவ்வொரு துறைக்கும் மேற்படிப்பு படித்த பேராசிரியர் வேண்டும். இல்லாவிட்டால் மூட வேண்டியதுதான்.

ஐடா அம்மாவுக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. மாணவிகளுக்கு அவர் சொல்வதுதான் வேதம். ஆனால் புதிய விதி சொன்னது என்ன? உன் அனுபவம் மட்டும் போதாது, உன்னைவிட ஒவ்வொரு துறையிலும் ஆழமாகப் படித்தவர்களைக் கொண்டுவா என்பதுதான். இருபது வருடம் நடத்திய பள்ளிக்கு இப்படி ஓர் உத்தரவு வந்தால் யாருக்கும் மனம் கசக்கும். அவர் எழுபது வயதைத் தாண்டிய பிறகும் அமெரிக்கா போய் ஊர் ஊராக நிதி திரட்டினார்.

அதற்கு ஒரு விலையும் கொடுத்தார். ஆட்களும் பணமும் போதுமான அளவு சேர வேண்டுமானால் ஆண்களையும் சேர்க்கும் கல்லூரியாக மாற்ற வேண்டும் என்ற யோசனை வந்தது. அமெரிக்காவில் அவருக்குப் பல வருடம் பணம் திரட்டிக் கொடுத்த லூசி பீபாடி அம்மையார் அதைக் கடுமையாக எதிர்த்தார். பெண்களுக்காகக் கேட்ட பணம் பெண்களுக்கே என்பது அவர் வாதம். அதிலும் நியாயம் இருந்தது. ஐடா அம்மா கல்லூரி பிழைப்பதே முக்கியம் என்று முடிவெடுத்தார். நீண்ட நாள் நட்பு அதில் முறிந்தது.

1942இல் சென்னைப் பல்கலைக்கழகம் எம்.பி.பி.எஸ். வகுப்புக்கு இணைப்பு கொடுத்தது. 1947இல் முதல் ஆண் மாணவர்கள் சேர்ந்தார்கள். 1940களில் முதல்வர் பொறுப்புக்கு வந்தவர் ராபர்ட் காக்ரேன். தொழுநோயில் உலகம் மதித்த நிபுணர். அவருக்குப் பிறகு வந்தவர் ஹில்டா லாசரஸ், நம் நாட்டுப் பெண்மணி. மார்பு அறுவை சிகிச்சைக்கு ரீவ் பெட்ஸ் வந்தார். கனடாவில் மாண்ட்ரியல் வரை போய்ப் படித்த ஜேக்கப் சாண்டி, 1949இல் இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையை இங்கே தொடங்கினார்.

காக்ரேன் அழைத்து 1946இல் வந்தவர் பால் பிராண்ட், கொல்லிமலையில் பிறந்தவர். எலும்பு, தசை தெரிந்தவர், தொழுநோய் தெரியாதவர். காக்ரேன் தொழுநோய் தெரிந்தவர், எலும்பு தெரியாதவர். செங்கல்பட்டு தொழுநோய் ஆஸ்பத்திரியில் விரல் மடங்கிய ஒரு நோயாளியின் கையைப் பிடித்துப் பார்த்த பிராண்ட், அந்தப் பிடியின் பலத்தைக் கண்டு அதிர்ந்துபோனார். செத்ததாக நினைத்த கையில் நல்ல தசைகள் இருந்தன! அவற்றின் நாண்களை இடம் மாற்றி, 1948இல் இங்கே அறுவை சிகிச்சை தொடங்கினார். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன. விரல் அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் அடிபட்டுத்தான் தேய்கிறது என்பதும் புரிந்தது.

அப்புறம் கால்களைக் காப்பாற்ற நல்ல செருப்பு வேண்டியிருந்தது. அது டாக்டர் படிப்பில் இல்லை. செருப்புத் தைப்பவர்களையும் ரப்பர் தெரிந்தவர்களையும் கூட வைத்துக்கொண்டுதான் மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பு உருவானது. கரிகிரி ஆஸ்பத்திரிச் செருப்பு என்றால் நம் பக்கம் தெரியாதவர்கள் குறைவு. தோல் தொழில் நடக்கும் நம் மாவட்டத்துக்குப் பொருத்தமான விஷயம்தான்.

நான் ஆம்பூர் பக்கம் டேனரிகளில் கணக்கு எழுதிக் காலம் தள்ளியவன். தன்னைவிட விவரம் தெரிந்த ஆள் வந்தால் நாற்காலி போய்விடும் என்று பயந்து, தலையாட்டுகிறவர்களையே சுற்றி வைத்துக்கொண்ட மேலாளர்களைப் பார்த்திருக்கிறேன். குரோம் பதத்தில் சரக்கு கெட்டால்கூட எடுத்துச் சொல்ல அங்கே ஆள் இருக்காது. ஐடா அம்மா அந்தப் பயத்தை ஜெயித்தார். 1946இல் ஓய்வு பெற்றுக் கொடைக்கானல் போனார். தன் நாற்காலியில் மற்றவர்கள் உட்கார்ந்து நடத்துவதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டு 1960இல் கண்மூடினார்.

1961இல் திறந்த இதய அறுவை சிகிச்சை, 1971இல் சிறுநீரக மாற்று என்று சி.எம்.சி.யின் பெயர் ஓங்கியது அவர் போன பிறகுதான். இன்று அங்கே சீட்டு வாங்கி வரிசையில் நிற்கிற நாம் பார்ப்பது, அவர் அன்றைக்கு வழிவிட்டதன் பலன். வீட்டில் வேலைக்குப் போகும் பேரப்பிள்ளைகள் இருந்தால், நிர்வாகம் என்றால் என்ன என்று இந்தக் கதையைச் சொல்லிக் கொடுங்கள்.