இதயத் திரைகள் வெறுமையான நாள்

வைத்தியசாலையில் ஒரு கருவி வேலை செய்யாவிட்டால் "மெஷின் பழுது" என்றுதான் உடனே சொல்வோம். ஆனால் எந்தப் பழுதும் இல்லாத கருவிகள் செயலிழந்த சம்பவமும் வரலாற்றில் உண்டு. விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.

1998 பெப்ரவரி 27. அமெரிக்காவின் டலஸ் நகரம். அங்குள்ள பேய்லர் பல்கலைக்கழக வைத்தியசாலையில், இருதய நோயாளிகளின் உடலில் சிறிய கருவிகள் பொருத்தப்பட்டிருந்தன. அவை வயர் இல்லாமல், வானொலி அலை மூலம் இதயத் துடிப்பைத் தாதியரின் திரைக்கு அனுப்பும். நோயாளி எழுந்து நடக்கலாம். துடிப்பு பிசகினால் அலாரம் அடிக்கும். அன்று பல நோயாளிகளின் துடிப்பு திரைக்கு வந்து சேரவில்லை.

காரணம் வைத்தியசாலைக்கு வெளியே இருந்தது. டபிள்யூ.எப்.ஏ.ஏ. என்ற உள்ளூர் தொலைக்காட்சி நிலையம் 9ஆம் சனலில் டிஜிட்டல் ஒளிபரப்பைப் பரீட்சித்துக் கொண்டிருந்தது. அதுவரை அந்தச் சனல் அங்கே காலியாகக் கிடந்தது. வைத்தியசாலைக் கருவிகள் அந்த வெற்றிடத்தில்தான் இயங்கின. தொலைக்காட்சிக் கோபுரத்தின் வலுவுக்கு முன்னால் நோயாளியின் உடலில் இருந்த சின்னக் கருவி எம்மாத்திரம்? சந்தை இரைச்சலில் காதோடு சொன்ன இரகசியம் போல அதன் சமிக்ஞை அமிழ்ந்து போனது.

இதில் சட்டத்தை மீறியவர் எவருமில்லை. நிலையத்திடம் அனுமதி இருந்தது. வைத்தியசாலைக்கும் காலிச் சனலைப் பாவிக்க இடமிருந்தது. ஆனால் பாதுகாப்புக் கோரும் உரிமை இருக்கவில்லை. விடயம் தெரிந்ததும் நிலையம் பரீட்சார்த்த ஒளிபரப்பை நிறுத்தியது. நல்லவேளை, நோயாளிகளுக்கு ஆபத்து நேரவில்லை.

அடுத்த மாதமே, புதிய ஒளிபரப்பைத் தொடங்குமுன் அருகிலுள்ள வைத்தியசாலைகளுக்கு அறிவிக்க வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு, 608 முதல் 614 மெகாஹேர்ட்ஸ் வரையான பட்டை உட்பட மூன்று அலைப்பட்டைகளை வைத்தியசாலைக் கண்காணிப்புக் கருவிகளுக்காக ஒதுக்கியது. 608–614 பட்டை தொலைக்காட்சியின் 37ஆம் சனல். விண்வெளியிலிருந்து வரும் மெல்லிய அலைகளைக் கேட்கும் வானியலாளருக்காக அங்கே ஏற்கெனவே ஒளிபரப்புத் தடுக்கப்பட்டிருந்தது. நட்சத்திரங்களுக்காகக் காத்து வைத்த அமைதியில் நோயாளியின் இதயத்துக்கும் இடம் கிடைத்தது.

கருவி தரமானதாக இருந்தால் மட்டும் போதாது. அதைச் சுற்றியுள்ள வெளியும் காக்கப்பட வேண்டும். அவசர சிகிச்சைப் பிரிவில் "கைத்தொலைபேசியை நிறுத்துங்கள்" என்று தாதி சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த வெளியில், பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் இதயமும் பேசிக் கொண்டிருக்கலாம்.